முழுகாம இருக்கா: முதல் 12 வாரங்கள் பற்றிச் சில குறிப்புகள்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று விளக்கம் சொல்வார்கள். வடமொழியில் திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனதாம். அங்கே கோயில் கொண்டிருக்கிற சிவனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். மசக்கைக்காரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைக்குமா என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிற இரண்டு வாக்கியங்கள்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தன. முதலாவது: "மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்." இரண்டாவது: "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்." முதல் வாக்கியம் பெரும்பாலான நேரம் சரி. சரியாக இல்லாத அந்தச் சில நேரங்களில் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது வாக்கியத்துக்குப் பின்னால் நியாயமான ஒரு பயம் இருக்கிறது. ஆனால் எந்த மூன்று மாதத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறோமோ, அந்த மூன்று மாதத்தில்தான் சொல்ல வேண்டிய விஷயங்கள் அதிகம்.

நான் டாக்டர் இல்லை. படித்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் ஒழுங்குபடுத்தி வைக்கிறேன், அவ்வளவுதான். எது பொறுத்துக்கொள்ள வேண்டியது, எது உடனே கிளம்ப வேண்டியது என்று பிரித்துப் பார்க்க உதவினால் போதும்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

நம் பேச்சில் கர்ப்பத்துக்கு எத்தனை சொற்கள்! மாசமா இருக்கா, வாயும் வயிறுமா இருக்கா, முழுகாம இருக்கா, குளிக்காம இருக்கா. கடைசி இரண்டைக் கவனியுங்கள். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகுவது வழக்கம். அது இந்த மாதம் நடக்கவில்லை என்பதுதான் 'முழுகாம இருக்கா'. கர்ப்பத்தின் முதல் அறிகுறியையே நம் ஆட்கள் கர்ப்பத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடைசியாக விலக்கான முதல் நாள்தான் கர்ப்பத்தின் முதல் நாள். உண்மையில் கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே 'நாள் தள்ளிப்போச்சு' என்று ஒரு பெண் உணர்கிற அன்றைக்கே அவளுக்குக் கணக்குப்படி 4 வாரம் முடிந்திருக்கும். மாமியார் 'இன்னும் ஒரு மாசம்கூட ஆகலையே' என்பார். ஸ்கேன் சீட்டில் 6 வாரம் என்று இருக்கும். இரண்டுமே தப்பில்லை, எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு. இதனால் சில வீடுகளில் தேவையில்லாத சந்தேகமும் சண்டையும் வருவதுண்டு. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

மொத்தக் கணக்கு 280 நாள், 40 வாரம். 28 நாளை ஒரு சுற்றாக வைத்தால் சரியாகப் பத்துச் சுற்று. 'பத்து மாதம் சுமந்து பெற்றாள்' என்று நாம் சொல்வதும், கடைசி விலக்குத் தேதியோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டி டாக்டர் தேதி குறிப்பதும் ஒரே கணக்குதான். ஜனவரி 1 கடைசி விலக்கு என்றால் அக்டோபர் 8 பிரசவத் தேதி. மாதச் சுற்று ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பும். முதல் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைத் திருத்துவார்கள்.

இன்னொன்று. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு திரும்ப வருவதற்கு முன்பே அடுத்த கர்ப்பம் தரிக்கலாம். அவளுக்குத் தள்ளிப்போக நாளே இருக்காது. காரணம் இல்லாமல் குமட்டினாலோ சோர்வாக இருந்தாலோ ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு கோடும் அது சொல்லாத விஷயமும்

மெடிக்கலில் வாங்குகிற பட்டை சோதிப்பது எச்.சி.ஜி. என்கிற ஹார்மோனை. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகு இது சுரக்கத் தொடங்குகிறது. ஆரம்ப வாரங்களில் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலையில் போகிற முதல் சிறுநீரில் செறிவு அதிகம் என்பதால் அதில் பார்ப்பது சிறந்தது. இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரே கோடு வந்து, விலக்கும் வரவில்லை என்றால் சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கரு இருக்கிறது என்பதை மட்டும்தான் பட்டை சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அந்த 'எங்கே' எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மசக்கை ஏன் வருகிறது?

கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. 6-வது வாரம் வாக்கில் தொடங்கி, 9-வது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் மட்டும் வரும் என்று கிடையாது. சாயங்காலம் மட்டும் வருகிறவர்களும் உண்டு, நாள் முழுக்க வருகிறவர்களும் உண்டு. சோறு கொதிக்கிற வாசனை, தாளிக்கிற புகை, கருவாடு, பஸ்ஸில் டீசல் நெடி என்று இதுவரை தொந்தரவு செய்யாத வாசனையெல்லாம் வயிற்றைப் புரட்டும்.

இதற்கு என்ன காரணம் என்று ரொம்ப காலம் யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியவில்லை. சமீபத்தில்தான் ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. மார்லினா ஃபெய்ஸோ என்ற அமெரிக்க மரபியல் ஆய்வாளர் 1999-ல் கர்ப்பமாக இருந்தபோது கடுமையான வாந்தியால் படுத்த படுக்கையானார். அவருடைய டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு இந்த வாந்திக்குக் காரணம் தேடுவதையே தன் ஆய்வாக எடுத்துக்கொண்டார். அவரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஓ'ராஹிலியும் மற்றவர்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜி.டி.எஃப்.15 என்கிற ஹார்மோனை நஞ்சுக்கொடி ஏராளமாகச் சுரக்கிறது. அது மூளையில் குமட்டலைத் தூண்டும் பகுதியைத் தொடுகிறது. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்குத் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாகிறது. தலசீமியா நோயால் ஏற்கெனவே இது அதிகமாக இருக்கிற பெண்களுக்குக் குமட்டல் குறைவாக இருக்கிறது. பழக்கம் இருக்கிற உடம்பு தாங்கிக்கொள்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நடிக்கிறா', 'வேலை செய்யாம இருக்கச் சாக்கு', 'நாங்கல்லாம் பெத்துக்கலையா' என்ற பேச்சுகளை நிறையப் பெண்கள் கேட்டிருப்பார்கள். ஒருத்திக்கு ஒன்றுமே இல்லாமல் போவதும் இன்னொருத்தி எழுந்து நிற்க முடியாமல் துவள்வதும் ரத்தத்தில் இருக்கிற வித்தியாசம். மனத்தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என்ன சாப்பிடலாம்? வயிற்றைக் காலியாக விடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் அடிப்படை. காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே கொஞ்சம் பொரி, ரஸ்க் மாதிரி உலர்ந்த பண்டம் சாப்பிட்டால் பலருக்குக் குமட்டல் குறைகிறது. இஞ்சி ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. சாப்பாட்டோடு தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல் இடையிடையே குடிக்கலாம். வாசனை ஆகாது என்றால் கொஞ்ச நாளைக்குத் தாளிப்பை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். ஆண்களுக்கும் கை இருக்கிறது.

எள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த எள், நிலக்கடலை ரகங்களுக்கு ஊரின் பெயரை வைத்தே டி.எம்.வி. என்று பெயர். அந்த எள்ளைத்தான் 'சூடு, கலைஞ்சிடும்' என்று கர்ப்பிணிக்குக் கொடுக்க மாட்டார்கள். உணவில் சேர்க்கிற அளவு எள்ளால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் இரும்புச்சத்தும் கால்சியமும் இருக்கின்றன. நிலக்கடலையில் புரதமும் ஃபோலேட்டும் இருக்கின்றன. நன்றாகப் பழுத்த பப்பாளியும் பிரச்சினை இல்லை. பால் வடிகிற பப்பாளிக்காயை மட்டும் தவிர்ப்பது நல்லது.

மசக்கை எப்போது நோய் ஆகிறது?

எதைச் சாப்பிட்டாலும், தண்ணீர் குடித்தாலும்கூட வெளியே வருகிறது. எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அல்லது காபி டிகாக்ஷன் மாதிரி கறுத்துப் போகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. எடை குறைந்துகொண்டே போகிறது. வாந்தியில் ரத்தம் தெரிகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 'மசக்கைதானே' என்று விடக் கூடாது. கர்ப்பத்துக்கு முன் 50 கிலோ இருந்த பெண் 47.5-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை. நம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலில் உடம்பில் நீர் வற்றுவது இன்னும் வேகமாக நடக்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். 'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வந்தா சரியாப் போயிடும்' என்பது நம் ஊர் வைத்தியம். பல நாள் சாப்பிடாமல் கிடந்த உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோயிருக்கும். தீட்டின அரிசியே முக்கிய உணவு என்பதால் ஆரம்பத்திலேயே கையிருப்பு குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் வாந்தி எத்தனை நாளாக இருக்கிறது, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 'பி1 ஊசி போட வேண்டுமா' என்று கேட்பதில் தப்பே இல்லை.

அளவுக்கு மீறிய வாந்தியோடு ரத்தப்போக்கும் இருந்தால் இன்னொரு சந்தேகம். முத்துப்பிள்ளை என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அது. கருவுக்குப் பதிலாக நஞ்சுத் திசு திராட்சைக் கொத்து மாதிரி, முத்து முத்தாக வளர்ந்துவிடும். எச்.சி.ஜி. எக்கச்சக்கமாக ஏறும். ஸ்கேனில் தெரிந்துவிடும். சுத்தம் செய்துவிட்டு, பிறகும் சில மாதங்கள் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மண் தின்னும் ஆசை

மசக்கையின் இன்னொரு முகம் ஆசை. இதைக் குறிக்கும் 'வயா' என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியலே பொருள் சொல்கிறது. புறநானூற்றின் 20-வது பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழும்போது ஒரு விஷயம் வருகிறது. அவன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவர் யாரும் உண்ண முடியாதாம். ராஜாவின் வீரத்துக்கு உவமை சொல்ல வந்தவர், கர்ப்பிணி மண் தின்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டார்.

இன்றைக்கும் சாம்பல், விபூதி, பல்பம், ஊறாத அரிசி, செங்கல் துண்டு என்று ஒளித்து வைத்துத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்கத்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். இந்த ஆசைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மண்ணில் இரும்பு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் அது இரும்பைப் பிடித்து வைத்து உடம்பில் சேராமல் செய்யும். கூடவே புழுவும் ஈயம் போன்ற நஞ்சும் உள்ளே போகலாம். ஆகவே 'மண்ணு தின்னாதே' என்று அதட்டுவதோடு நிறுத்தாமல், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. முதல் மூன்று மாதத்தில் அசதி எல்லாருக்கும் உண்டு. புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் தூக்கத்தைக் கூட்டும், ரத்தக்குழாய்கள் தளர்வதால் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கித் தலை சுற்றும். அதே அசதியும் தலைசுற்றலும்தான் ரத்தசோகைக்கும் அறிகுறி. வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது, ஊசி முனை ரத்தம்தான் பிரித்துச் சொல்லும்.

இரும்பு மாத்திரையை வழக்கமாக 4-வது மாதத்தில் தொடங்குவார்கள். ரத்தசோகை இருந்தால் எப்போது தொடங்குவது என்று டாக்டர் முடிவு செய்வார். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் மாதிரி வைட்டமின் சி உள்ளதோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சேராது. மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தூக்கிப்போட வேண்டாம், அது இயல்பு.

சின்னச் சின்னத் தொந்தரவுகள்

மார்பு கனத்து வலிக்கும், தொட்டாலே கூசும். குடல் மெதுவாக வேலை செய்வதால் மலச்சிக்கல், வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் எல்லாம் வரும். கீரை, வாழைத்தண்டு, தேவையான தண்ணீர், கொஞ்சம் நடை போதும். பேதி மாத்திரை தானாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடும். அரிப்பு, நாற்றம், நிறமாற்றம் இருந்தால் மட்டும் காட்ட வேண்டும். காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். அதுவும் உடம்பின் வேலைதான். ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

அடிக்கடி சிறுநீர் வருவதும் இயல்பு. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இதில் நம் பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நூறு நாள் வேலைக்கோ, கரும்புக் கொல்லைக்கோ, மரக்காணம் உப்பளத்துக்கோ போகிறவர்களுக்குப் போக இடம் இல்லை. பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கும் அதே கதை. விளைவு, தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இது நேர்வழி. எரிச்சல், குளிர்காய்ச்சல், விலாவில் வலி வந்தால் உடனே காட்ட வேண்டும். அறிகுறியே இல்லாமலும் தொற்று இருக்கலாம் என்பதால்தான் முதல் பரிசோதனையிலேயே சிறுநீரைக் கேட்கிறார்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. மசக்கையில் அந்தத் தித்திப்புத் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் வாந்தியாகிவிட்டால் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுக்கலாம். மறைத்தால் முடிவு தப்பாக வரும்.

ரத்தமும் வலியும்

முதல் மூன்று மாதத்தில் நான்கில் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சமாவது ரத்தம் படுகிறது. அவர்களில் நிறையப் பேருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. அதற்காக வீட்டிலேயே காத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு குறைவாகப் பட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்களுக்கு ஆன்டி-டி ஊசி தேவையா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த 'எங்கே'. நூற்றில் ஒன்று இரண்டு கர்ப்பங்களில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயிலேயே தங்கிவிடுகிறது. பட்டையில் இரண்டு கோடு வரும். மசக்கையும் வரும். 6 முதல் 8 வாரம் வாக்கில் குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளியே கொஞ்சம்தான் தெரியும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, வியர்த்து மயக்கம் வருவது. இவைதான் அடையாளம். நம் வீடுகளில் இதற்கு 'வாயு புடிச்சிருக்கு' என்று பெருங்காயமும் ஓமத் தண்ணியும் கொடுப்பார்கள். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி வந்தால் வாயு என்று முடிவு செய்யும் உரிமை ஸ்கேனுக்கு மட்டும்தான். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கரு கலைவது பற்றியும் சொல்லியாக வேண்டும். உறுதியான கர்ப்பங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் கலைகிறது. ஆரம்பத்தில் கலைபவற்றில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பவை. பஸ்ஸில் போனது, குடம் தூக்கினது, மாடிப்படி ஏறினது, எள்ளுருண்டை தின்றது இவையெல்லாம் காரணம் இல்லை. இழந்தவளிடம் 'நீ அன்னைக்கு ஸ்கூட்டர்ல போனே இல்ல' என்று கேட்பது அறிவியல்படியும் தப்பு, மனுஷத்தன்மைப்படியும் தப்பு.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை

1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கு நல்லது, மசக்கைக்கும் நல்லது, ஆபத்தே இல்லை என்று விற்றார்கள். 1961-ல் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சியில்லாமலும் வேறு குறைகளோடும் பிறந்தன. முதல் சில வாரங்களில்தான் உறுப்புகள் உருவாகின்றன என்பதை உலகம் இப்படி ஒரு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இதற்காக வாந்திக்கு மருந்தே கூடாது என்று கிடையாது. டாக்ஸிலமைன், பைரிடாக்ஸின் சேர்ந்த மாத்திரை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது, பாதுகாப்பானது என்று நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடலாம். கடைக்காரரிடம் 'வாந்திக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்பதுதான் கூடாது.

'நாள் வர்றதுக்கு மாத்திரை குடுங்க' என்று கேட்பது அதைவிட ஆபத்து. கர்ப்பம் வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1971-ல் வந்த சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக அரசு ஆஸ்பத்திரியிலேயே கலைத்துக்கொள்ளலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவை என்று சட்டத்தில் இல்லை. ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை போட்டு, கரு குழாயில் இருந்திருந்தால், படுகிற ரத்தத்தைப் பார்த்து 'கலைஞ்சிடுச்சு' என்று நினைத்திருக்கும்போதே உள்ளே குழாய் வெடிக்கலாம்.

யாரிடம் சொல்வது?

கடைசியாக அந்த இரண்டாவது வாக்கியம். 'மூணு மாசம் முடியட்டும்' என்பதற்குக் காரணம் திருஷ்டி மட்டும் இல்லை. கலைந்துவிட்டால் ஊர் கேட்குமே என்ற பயம். அது புரிகிறது. ஆனால் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடுவது 6-வது வாரத்தில். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிட வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதம் காத்திருந்து சொன்னால் அந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் சொன்னால் போதும். 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் பிக்மி எண் கிடைக்கும். பின்னால் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் பதிவு வேண்டும். ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீர் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் திண்டிவனம் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் தினமும் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணி உள்ளே நிக்குதா? சிறுநீர் ஒழுங்கா போகுதா? ரத்தமோ, ஒரு பக்கமா வலியோ இருக்கா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் மசக்கையை மசக்கையாகவே விடலாம். புளிச்சாதம் கட்டிக் கொடுத்து, கொஞ்சம் தூங்க விடுங்கள். ஒன்றுக்கு மாறான பதில் வந்தாலும் பெரியவர்களின் அனுபவத்தைக் கேட்க அப்போது நேரம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.